சின்னமும் சொல்லும்



நமது சங்கத்திற்கென்று ஒரு சின்னமும், அதன் கீழே பொறிக்க ஒரு குறிக்கோள் வாசகமும் வேண்டும், உறுப்பினர்கள் கருத்து எழுதலாம் என்று சென்ற மலரில் செயலாளர் அறிவித்திருந்தார். இதற்குள் மூன்று படங்கள் வந்து சேர்ந்துவிட்டன என்று தொலைபேசியில் ஒரு நண்பர் சொன்னார். ஒன்றில் கோபுரம். ஒன்றில் குத்துவிளக்கு. மூன்றாவதில் புலி, வில், மீன் மூன்றும் ஒரே வட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவாம், நம் ஊருக்குப் புறப்படும் கோடை விடுமுறை ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியைப் போல. வாசகம் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் எழுதவில்லையாம். படம் முடிவானால் வாசகம் தானே வந்துவிடும் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்களாம்.

நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் தமிழ் படித்தவனல்ல. டிப்ளோமா முடித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனால் சின்னங்களோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. எல்லையோர ஊரில் பிறந்தவனுக்கு அது தானாக வரும்.

எங்கள் குன்னத்துகாலிலிருந்து பனச்சமூட்டுக்கோ களியக்காவிளைக்கோ போனால் ஒரு பலகையில் இரண்டு யானைகள் சங்கைக் காத்து நிற்கும், சிறிது தூரத்தில் அடுத்த பலகையில் கோபுரம் நிற்கும். யானையும் சங்கும் கேரளம், கோபுரம் தமிழ்நாடு. கேரள அரசுப் பேருந்தில் யானைகள் இருப்பதால் அதற்கு ‘ஆனவண்டி’ என்றே பெயர். 1956 நவம்பர் 1 வரை இரு பக்கத்துக்கும் ஒரே சின்னம்தான் இருந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டுப் போராடியது. 1954 ஆகஸ்டு 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் அந்தப் பக்கம் போயின. நாங்கள் யானைகளோடு தங்கிவிட்டோம். நான் பிறந்தது அதற்குப் பிறகு. பாட்டியின் பேச்சில் மட்டும் கடைசி வரை எல்லை என்று ஒன்று விழவே இல்லை.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இரண்டு மூன்று செப்புச் சக்கரங்கள் கிடக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று அவள் சொல்லிக்கொடுத்த கணக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் காசில் சங்கு. எங்கள் புரையிடத்தின் பழைய ஆதாரத்தின் தலைப்பிலும் சங்கு. திருவிதாங்கூரின் அஞ்சல் தலையிலும் 1888 முதல் சங்குதான். 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக எழுதி வைத்து, தாம் அவருடைய தாசன் என்று சொல்லிக்கொண்டு ஆண்டாரல்லவா? ஆகவே காசும் பத்திரமும் கடவுளுடையவை, அதில் கடவுளின் சங்கு என்று பொருள். எங்கள் வீட்டில் முத்திரைத் தாளுக்குப் பெயரே ‘சங்குப் பத்திரம்’. சங்கு போய்ச் சிங்கம் வந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் என் அம்மா அப்படித்தான் சொன்னாள்.

அந்தச் சமஸ்தானச் சின்னத்தில் ஒரு வாசகமும் இருந்தது. ‘தர்மோஸ்மத் குலதைவதம்.’ தர்மமே எங்கள் குலதெய்வம் என்று பொருள். எவ்வளவு அழகான சொல்! ஆனால் அதில் ‘எங்கள்’ என்பது யார்? அந்தச் சின்னம் பறந்த காலத்திலேயே எங்கள் பக்கத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டிருக்கிறார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது, அதுவும் அரைகுறையாக. கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்ற அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12 அன்று. அதுவரையில் தர்மம் குலதெய்வமாக இருந்தும், அந்தத் தெய்வத்தின் வாசலில் நாட்டின் பெரும்பகுதி நிற்க முடியவில்லை.

இதை நான் பழைய மன்னர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1936இல் கையெழுத்திட்டவரும் ஒரு மன்னர்தான். எழுதுவதற்குக் காரணம் வேறு. எங்கள் தாலுகாவிலேயே, நெய்யாற்றங்கரையில், அருவிப்புறம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சங்கு அஞ்சல் தலை வெளியான அதே 1888இல் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக அங்கே பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே ஒரு வாசகமும் எழுதப்பட்டது. யானை இல்லை, மகுடம் இல்லை, கேடயம் இல்லை. சொல் மட்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அரசின் வாசகத்தைவிட இந்த வாசகம் எங்கள் தாலுகாவில் அதிக வேலை செய்திருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

இனிச் சிங்கங்களுக்கு வருவோம். இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. ஏனென்றால் சாரநாத்தில் அந்தச் சிங்கத் தலையை மண்ணிலிருந்து எடுத்தவர் தொல்லியல் பேராசிரியர் அல்ல, நம்மைப் போன்ற ஒரு பொறியாளர். ஓர்ட்டெல் என்று பெயர். ஜெர்மனியில் பிறந்தவர், ரூர்க்கியில் பொறியியல் படித்தவர், தொடக்கத்தில் ரயில்வே வேலையும் பார்த்தவர். பொதுப்பணித் துறைப் பணிக்கு நடுவே 1904 டிசம்பரில் சாரநாத்தில் தோண்ட ஆரம்பித்து, சில மாதங்களுக்குள் அசோகர் தூணையும் அதன் தலையையும் கண்டுபிடித்தார்.

நான் முகல்சராயில் வேலை பார்த்த காலத்தில் (2018 முதல் அந்த நிலையத்துக்கு வேறு பெயர்) சாரநாத் பக்கத்தில்தான். முதல் தடவை வெள்ளிக்கிழமை போய், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை என்று கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை உள்ளே போனேன். ஏழடி உயரம், சுனார்க் கல். சுனார் எங்கள் பாதையில்தான் இருக்கிறது. அந்தக் கல்லை நான் கட்டடங்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தப் பளபளப்பைப் பார்த்ததில்லை. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணாடி போல் மின்னுகிறது. அசோகரின் ஆட்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சுற்றி வந்தபோதுதான் சில விஷயங்கள் தெரிந்தன. நாம் காகிதத்தில் பார்ப்பது மூன்று சிங்கம், உண்மையில் நான்கு. கீழே கவிழ்ந்த தாமரை இருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்று நாடு இதைச் சின்னமாக ஏற்றபோது அந்தத் தாமரையை விட்டுவிட்டார்கள். இவை பலருக்கும் தெரிந்தவை. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அந்தச் சிங்கங்களின் தலைக்கு மேலே ஒரு பெரிய கற்சக்கரம், முப்பத்திரண்டு ஆரங்களோடு, இருந்திருக்கிறது. அது உடைந்து துண்டுகளாகத்தான் கிடைத்தது. பாரம் தாங்கும் அமைப்புகளையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அந்த இடத்தில் சட்டென்று ஒன்று பட்டது. இந்தச் சிங்கங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, சுமந்துகொண்டிருந்தன. வலிமை கீழே, தர்மச் சக்கரம் மேலே. அசோகர் நட்ட தூணின் பொருளே அதுதான் என்று நினைக்கிறேன். உடைந்து கிடைத்த நிலையை நாம் முழுமை என்று எடுத்துக்கொண்டோம். மேலே இருந்த சக்கரம் போய்விட்டது. சிங்கங்களின் காலடியில் உள்ள சிறிய சக்கரம் மட்டும் மிச்சம்.

2022 ஜூலையில் புதிய பாராளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் வெண்கலத்தில் 9,500 கிலோ எடையில் இந்தச் சின்னத்தைத் திறந்து வைத்தார்கள். சிங்கங்கள் பல்லைக் காட்டுகின்றன, பழைய சிங்கங்களிடம் அமைதி இருந்தது என்று ஒரு சாரார். கீழிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று மறு சாரார். உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய்த் தள்ளுபடியானது. பல்லைப் பற்றி அத்தனை பேர் பேசினார்கள், தலைக்கு மேலே இருந்த சக்கரத்தைப் பற்றிப் பேசியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. சிங்கம் உறுமட்டும் அல்லது சிரிக்கட்டும், அது எதைச் சுமக்கிறது என்பதல்லவா கேள்வி?

தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது அந்தச் சின்னம் உருவானது. வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரமா என்ற ஆட்சேபம் அன்றே எழுந்து, அது தென்னாட்டுக் கட்டடக் கலையின் அடையாளம் என்று சமாதானமும் சொல்லப்பட்டது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் என்று நாம் பள்ளியில் படித்தோம். இல்லை, மதுரை மேலக் கோபுரம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் நம் சங்கத்தில் இருப்பதால் நான் இதில் தலையிடப் போவதில்லை.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது எழுத்து. ‘சத்யமேவ ஜயதே’ என்று இருந்ததைத் தி.மு.க. ஆட்சிக் காலத்தில் ‘வாய்மையே வெல்லும்’ என்று தமிழாக்கினார்கள். உண்மை என்பது உள்ளத்தில் இருப்பது, வாய்மை என்பது வாயில் இருப்பது, மெய்மை என்பது உடம்பால் செய்வது என்று நம் தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். அந்த வகையில் பார்த்தால் அரசு தேர்ந்தெடுத்த சொல் வெகு பொருத்தம். உள்ளத்தில் இருப்பதை யார் பார்க்க முடியும்? சொன்ன சொல்லை மட்டும்தான் பிடித்து நிறுத்திக் கேட்க முடியும்.

இந்த இடத்தில் என் அம்மாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. எண்பது வயது நிறைந்தால் இருபது சதவிகிதம் கூடுதல் உண்டு. 2012 கடைசியில் வயதை உறுதி செய்ய ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நானும் விடுப்பில் வந்திருந்தேன், கூடப் போனேன்.

அம்மா பிறந்தது கொல்லம் ஆண்டு 1109, மகர மாதம். பள்ளிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க 824 கூட்ட வேண்டும். ஆனால் தனு மாத நடுவில் ஜனவரி பிறந்துவிடுவதால் அதற்குப் பிறகு 825 கூட்ட வேண்டும். எழுதியவர் எப்போதோ 824 கூட்டிவிட்டார். அதனால் 1934 ஜனவரி என்பது 1933 ஜனவரி என்று ஏறிவிட்டது. அந்தத் தாளின்படி அடுத்த மாதமே அம்மாவுக்கு எண்பது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான். நான் தவற்றைச் சுட்டிக் காட்டியதும் சிரித்துக்கொண்டே, “அம்மச்சிக்கு ஒரு வருஷம் லாபம்தானே! திருத்தப் போனால் பெரிய பாடு. 1933 தான் என்று ஒரு சத்தியப் பத்திரத்தில் ஒப்புப் போட்டுத் தாருங்கள், இன்றைக்கே காரியம் முடியும்” என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் மூன்று சிங்கங்கள், அடியில் சத்யமேவ ஜயதே. உண்மையைச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்துவிட்டேன். எனக்கு மூன்று நாள் விடுப்புதான் பாக்கி.

அம்மா கையை நீட்டவில்லை. “சங்குப் பத்திரத்திலயா பொய் எழுதச் சொல்லுதாரு?” என்று என்னைக் கேட்டாள். சங்கு இல்லை அம்மா, சிங்கம் என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான் மக்களே. இல்லாத வயசுக்குச் சம்பளம் வாங்க எனக்கு முடியாது” என்று எழுந்துவிட்டாள்.

அதன் பிறகு தம்பி அலைந்தான். பள்ளிப் பதிவேட்டின் நகல், அதற்குச் சான்று, அதற்கு மேலொப்பம். உண்மையான எண்பது 2014 ஜனவரியில் வந்தது. திருத்தம் ஆகிப் பணம் வந்தது 2015இல், நிலுவையோடு. பொய்க்கு ஒரே நாள் போதுமாக இருந்தது, உண்மைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அம்மா 2019இல் காலமானாள். அவளுக்குத் தேவநாகரி படிக்கத் தெரியாது. அந்த வாசகம் என்ன சொல்கிறது என்று நானும் அன்று எடுத்துச் சொல்லவில்லை. சின்னம் என்றால் அதன் மேல் பொய் எழுதக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுதத் தெரிந்த நான் பேனாவை எடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாடுகளில் இருக்கும் நம் வாசகர்கள் தங்கள் கடவுச்சீட்டை எடுத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி, கீழே ‘மஜுலா சிங்கப்புரா’, முன்னேறட்டும் சிங்கப்பூர் என்று மலாயில். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. மலேசியாவில் இரண்டு புலிகள், ஒற்றுமையால் மேன்மை என்ற பொருளில் ஒரு வாசகம். மொரீஷியசில் ஒரு பக்கம் அழிந்துபோன டோடோ பறவை, மறு பக்கம் மான், இந்துமாக் கடலின் விண்மீனும் திறவுகோலும் என்று லத்தீனில். கனடாவில் கடல் முதல் கடல் வரை, அதுவும் லத்தீன். பிரிட்டனின் வாசகம் பிரெஞ்சு மொழியில் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கை. இலங்கையின் 1972ஆம் ஆண்டுச் சின்னத்தில் வாளேந்திய சிங்கம், பூரண கும்பம், சூரிய சந்திரர் எல்லாம் உண்டு, எழுத்து மட்டும் கிடையாது. வாசகம் இல்லாத சின்னத்திடம் போய், நீ சொன்னாயே என்று கேட்க முடியாது.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது தென்னாப்பிரிக்கா. 2000ஆம் ஆண்டில் அவர்கள் புதுச் சின்னம் வைத்தபோது, பலவகை மக்கள் ஒன்று சேர்க என்ற பொருளுள்ள வாசகத்தை அந்த மண்ணின் பழங்குடிகள் பேசிய ஒரு மொழியில் பொறித்தார்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேச இன்று ஒருவர்கூட இல்லை. எந்த இனத்துக்கும் முன்னுரிமை கொடுக்காமல், அழிக்கப்பட்டவர்களுக்கு மரியாதை செய்ததாக அதைப் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நாட்டின் சின்னத்தில் ஏறிய பிறகும் அந்த மொழிக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை அல்லவா?

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. சென்ற விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகளைப் போல வடக்கே பிறந்து வடக்கே படிப்பவள். களியக்காவிளையில் கடைக்குப் போனபோது இரண்டு பலகைகளையும் காட்டினேன். சிங்கத்தின் கீழிருந்ததைக் கடகடவென்று வாசித்தாள். கோபுரத்தைச் சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, “தாத்தா, இந்தச் சுருள் சுருளா இருக்கறது டிசைனா?” என்றாள். அவள் மேல் தவறில்லை. அவள் அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஆகவே செயலாளர் அவர்களுக்கு என் யோசனை இதுதான். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோபுரமோ விளக்கோ, எதுவானாலும் எனக்குச் சம்மதம் (அந்த மூவேந்தர் கூட்டத்தை மட்டும் கொஞ்சம் இளைக்கச் செய்தால் நல்லது). முதலில் வாசகத்தை எழுதுங்கள். ‘யாதும்’ ‘எவரும்’ என்று உலகம் முழுவதையும் அணைக்கிற பெரிய வாசகம் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு பொதுக்குழுவில் எந்த உறுப்பினரும் எழுந்து நின்று, இந்த ஆண்டு இதைச் செய்தோமா என்று ஒரு கேள்வி கேட்க முடிய வேண்டும். ‘பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்போம்’ என்று மூன்று சொல் வந்தால்கூடப் போதும். அலங்காரம் இல்லை என்பார்கள், இல்லாமலே இருக்கட்டும்.

இன்னொன்று. வாசகம் தமிழில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் வாசித்தார்கள் என்ற எண்ணிக்கையை அடுத்த மலரில் போடுங்கள். ஞாயிறு வகுப்புக்கு இப்போது ஆசிரியர் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். பொங்கலுக்குப் பிறகு மூன்று மாதம் மகன் வீட்டில் இருப்பேன். அரிச்சுவடி அளவுக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். கரும்பலகையும் சாக்குக் கட்டியும் மண்டபத்தில் இருந்தால் போதும். பேத்தி முதல் பெஞ்சில் உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.